கோட்டுக்கு அங்கால பாதி விலை

ஆடி பிறந்தால் திருகோணமலைக்குச் சுவிஸ் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பள்ளி விடுமுறை, கோயில் திருவிழா, கலியாண வீடு, காணிப் பிரச்சினை என்று ஆளுக்கொரு காரணம். பெட்டி திறக்கிற நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். பற்பசை, ஷாம்பு, முகக் கிரீம், கோப்பித்தூள், சவர பிளேட் எல்லாம் ஜேர்மன் சாமான். சொக்லேட் சுவிஸ் சொக்லேட்தான், ஆனால் அதையும் ஜேர்மன் கடையில்தான் வாங்கியிருப்பார்கள். பைக்குள் கசங்கிக் கிடக்கிற பில்லில் தொகை யூரோவில் இருக்கும். பிராங்கில் சம்பளம் எடுக்கிறவர் ஏன் யூரோவில் சாமான் வாங்குகிறார் என்று கேட்டால் என் மச்சாளிடம் ஒரு வரிப் பதில்தான் உண்டு: "கோட்டுக்கு அங்கால போனா பாதி விலை."

மச்சாள் இருப்பது குரொய்ட்ஸ்லிங்கன் என்ற சுவிஸ் ஊரில். கடைக்குப் போவது கொன்ஸ்டான்ஸ் என்ற ஜேர்மன் ஊருக்கு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டின ஊர்கள். வரைபடத்தில் பார்க்கும்போது ரைன் ஆறுதான் எல்லையாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. கொன்ஸ்டான்ஸின் பழைய நகரம் ஆற்றுக்குத் தெற்கே, சுவிஸ் கரையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் எல்லைக் கோடு தண்ணீரில் போகாமல் தெருவுக்குள்ளும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பக்கத்திலும் போகிறது. கொன்ஸ்டான்ஸில் 80,000 பேருக்கு மேல், குரொய்ட்ஸ்லிங்கனில் 20,000 பேருக்கு மேல். ஒரே ஏரி, ஒரே மழை, கிட்டத்தட்ட ஒரே பேச்சு. காசு மட்டும் வேறு.

மச்சாளின் மகளின் சாமத்திய வீட்டுக்கு நான் போயிருந்தேன். ஏரிக்கரையில் முன்பு கம்பி வேலி நின்ற இடத்தை அப்போதுதான் பார்த்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட வேலி அது. 2006இல் கழற்றினார்கள். அடுத்த வருடம் அதே கோட்டில் 22 சிற்பங்களை நிறுத்தினார்கள். சிற்பத்துக்கு அங்கால ஜேர்மனி, இங்கால சுவிஸ். பிள்ளைகள் நடுவில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். சுவிஸ் 2008 டிசம்பரில் ஷெங்கன் வலயத்துக்குள் வந்ததோடு ஆட்களுக்கான வழமையான சோதனை நின்றது. ஆனால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வலயத்துக்குள் இல்லை. அதனால் சாமானுக்குச் சோதனை உண்டு. இந்த இரண்டு ஊர்களின் வாழ்க்கையும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

சனிக்கிழமை காலை மச்சாளோடு கடைக்குப் போனேன். காரில் நான், மச்சாள், மச்சான், இரண்டு பிள்ளைகள், மச்சானின் அம்மா. மாமிக்கு முழங்கால் வருத்தம், கடையில் நடக்கமாட்டார். பிறகேன் அவரையும் ஏற்றினார்கள் என்று கேட்டேன். சுவிஸுக்குள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ. சாமத்திய வீட்டுக்கு ஆட்டிறைச்சி வேண்டும். மாமி வந்தால் இன்னொரு கிலோ. மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று சொன்னார்கள். கடலோர ஊரில் பிறந்த எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோசம்.

அப்புறம் பச்சைச் சீட்டு. கடையில் காசு கட்டும்போது "நாங்கள் சுவிஸ்" என்று சொன்னால் ஒரு பச்சைத் தாள் தருவார்கள். ஜேர்மனியில் பொருளுக்கு 19 சதவீத வரி, பெரும்பாலான சாப்பாட்டுச் சாமானுக்கு 7. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிற சாமானுக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும். பச்சைத் தாளை எல்லையில் இருக்கிற சுங்கத்தில் காட்டி முத்திரை குத்த வேண்டும். அடுத்த முறை கடைக்கு வரும்போது முத்திரை குத்தின தாளைக் கொடுத்தால் காசு. மச்சாள் அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் கடைவாரியாகப் பிரித்து, ரப்பர் பான்ட் போட்டு வைத்திருக்கிறார். இங்கே சீட்டுக் கட்டுகிற பெண்கள் கொப்பியில் கணக்கு வைக்கிற அதே ஒழுங்கு.

2020இலிருந்து ஒரு பில் 50 யூரோவுக்கு மேல் இருந்தால்தான் ஜேர்மனி வரியைத் திருப்பித் தரும். சுவிஸ் பக்கத்தில், முன்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 பிராங்க் பெறுமதியான சாமானை வரியில்லாமல் கொண்டுவரலாம். 2025 ஜனவரியில் அதை 150 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரு அரசாங்கம் கீழே ஒரு தட்டு வைக்கிறது, மற்ற அரசாங்கம் மேலே ஒரு கூரை போடுகிறது. 50க்கும் 150க்கும் இடையில் எல்லையோரக் குடும்பங்கள் அரிசி, எண்ணெய், சவர்க்காரத்தை நிரப்பிக் கொள்கின்றன. கோட்டுக்கு இரண்டு பக்கமும் விலை ஒன்றாகிவிட்டால் இந்தத் தாளும் தகரமும் ஒரே நாளில் குப்பைக்குப் போகும். எல்லை நகரத்தின் சரக்கே அந்த விலை வித்தியாசம்தான்.

வித்தியாசம் ஒரே காலையில் மாறவும் செய்யும். 2011 செப்டம்பரில் சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று உறுதி சொன்னது. 2015 ஜனவரி 15ஆம் தேதி அந்த உறுதியைக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்க் பாய்ந்து ஏறியது. "படுத்து எழும்பினால் கொன்ஸ்டான்ஸ் முழுக்க மலிவு விற்பனை போட்ட மாதிரி இருந்தது" என்றார் மச்சான். அந்த வார இறுதியில் பாலத்தடியில் கார் நகரவில்லையாம். இன்றைக்கு ஒரு யூரோவுக்கு ஒரு பிராங்க்கூட இல்லை.

அதற்காகக் கொன்ஸ்டான்ஸ்காரர் எல்லாரும் கை தட்டுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு வயதான மனுசர் ரொட்டியும் பாலும் வைத்துக்கொண்டு நின்றார். முன்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் பச்சைத் தாள் அடித்து முடிய அவர் முறை வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. கோட்டுக்கு இங்காலயோ வேறு நோவு. வாங்குகிற ஆட்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனால் குரொய்ட்ஸ்லிங்கன் கடைக்காரர் யாருக்கு விற்பது?

சாமான் ஒரு பக்கம் போக, உழைப்பு எதிர்ப்பக்கம் வருகிறது. மச்சாள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தாதிமாரில் பலர் கொன்ஸ்டான்ஸிலிருந்து காலையில் சைக்கிளில் வருகிறவர்கள். சுவிஸ் முழுவதும் எடுத்தால் எல்லை கடந்து வந்து வேலை செய்கிறவர்கள் நாலு லட்சத்துக்குக் கிட்ட, அதில் பாதிக்கு மேல் பிரான்சிலிருந்து. ஜேர்மனியில் வீடு, சுவிஸில் சம்பளம் என்றால் கை நிறையும். ஆனால் அப்படிக் கை நிறைந்தவர்கள் பெருகப் பெருக ஒரு ஊரில் வீட்டு வாடகையும் ஏறும். கொன்ஸ்டான்ஸில் கடையில் நின்று யூரோச் சம்பளம் எடுக்கிற பிள்ளை அதே வாடகையைத்தான் கட்ட வேண்டும். இரண்டு பக்கத்தையும் தொடுகிறவர் மிச்சம் பிடிக்கிறார், ஒரு பக்கத்தை மட்டும் தொடுகிறவர் நெரிபடுகிறார். நான் பார்த்த அளவில் இரட்டை நகரங்களில் ஏழை பணக்காரன் பிரிவு இதுதான்.

இதைவிட ஆழமான பிரிவு ஒன்று மச்சாள் வீட்டுக் கீழ் மாடியில் இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்துத் தம்பி ஒருவர். சுவிஸில் இருப்பது கன வருடமாக. ஆனால் கையில் இருப்பது எஃப் விசா. அகதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பவும் முடியவில்லை, தற்காலிகமாக இருக்கலாம் என்று கொடுக்கிற அட்டை அது. அந்த அட்டைக்காரர் விசேஷ அனுமதி எடுக்காமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஜேர்மனி ஐந்து நிமிட நடை என்றாலும் அது வெளிநாடுதான். நானோ கொழும்பில் விசா எடுத்து வந்த விருந்தாளி. அந்த விசாவில் சுவிஸும் போகலாம், ஜேர்மனியும் போகலாம். வந்து ஒரு கிழமை ஆகாத நான் கோட்டைத் தாண்டிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அந்த ஊரில் வரி கட்டி, பாஷை படித்து, பனியில் தெரு கூட்டுகிற தம்பி என்னிடம் ஒரு துண்டில் எழுதித் தந்தார்: உடுப்புத் தோய்க்கிற பவுடர், சவர பிளேட், ஒரு பெரிய போத்தல் ஷாம்பு. "அண்ணா, காசை இப்பவே தாறன்" என்று பிராங்கை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்பங்கள் நிற்கிற புல்வெளிக்கு அவர் நடக்கப் போவாராம். அங்கே காவல் இல்லை, கம்பி இல்லை. தாண்டினால் அநேகமாக யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் எப்போதாவது ஒரு நாள் கேட்டுவிட்டால், பி விசா என்கிற வதிவிட அனுமதிக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம். "ஒரு ஷாம்புக்காக எல்லாத்தையும் விடேலாது அண்ணா" என்றார். வேலி இருந்த காலத்தைவிட இது கடுமை என்று எனக்குப் பட்டது. வேலி இருந்தால் எல்லாரும் நிற்பார்கள். இப்போது அவர் மட்டும் நிற்கிறார்.

அந்தக் கோட்டில் நின்றுபோன இன்னொரு மனிதரின் கதையும் உண்டு. 1939 நவம்பர் 8ஆம் தேதி இரவு, கியோர்க் எல்சர் என்ற தச்சு வேலைக்காரர் கொன்ஸ்டான்ஸில் சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் பிடிபட்டார். அன்றிரவு மியூனிக்கில் ஹிட்லர் பேசிய மண்டபத்தில் வெடித்த குண்டை வைத்தவர் அவர். ஹிட்லர் நேரத்தோடு எழும்பிப் போனதால் தப்பினார். எல்சரை 1945இல் டாஹாவ் முகாமில் கொன்றார்கள். அந்தக் கோட்டுக்கு அங்கால பாதி விலை மட்டும் இருக்கவில்லை, ஒரு காலத்தில் முழு உயிரும் இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் அதே புல்வெளியில் மறுபடியும் கம்பி வேலி போட்டார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்த காதலர்கள் வேலிக்கு ஊடாகக் கை பிடித்துப் பேசினார்கள். கை பிடித்தால் நோய் தொற்றும் என்று இரண்டாவது வேலி ஒன்றை இடைவெளி விட்டுப் போட்டார்கள். மே நடுப்பகுதியில்தான் கழற்றினார்கள். அந்தப் படங்களை நான் திருகோணமலையில் ஊரடங்குக்குள் இருந்து போனில் பார்த்தேன். உலகமே அதிசயமாகப் பார்த்த படம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் அதிசயம் குறைவு.

ஏனென்றால் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவுக்கு அக்கரையில் போர்க் காலத்தில் எங்களுக்கும் ஒரு கோடு இருந்தது. சர்வதேச எல்லை இல்லை, எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் விலை அங்கே மாறும். மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, இலக்கந்தை எல்லாம் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. எரிபொருள், சீமெந்து, யூரியா, பற்றரி போன்றவற்றைக் கொண்டுபோகத் தடை, அல்லது அனுமதியும் அளவும். அங்கேயிருந்து தயிர், விறகு, நெல், மீன் வெளியே வரும். வெளியே வருவது மலிவு, உள்ளே போவது விலை. அப்பாவுக்கு மத்திய வீதிப் பக்கத்தில் சின்னப் பலசரக்குக் கடை. காலை மூதூர் லோஞ்ச் வந்து இறங்குதுறையில் கட்டினால், தயிர்ச் சட்டிகளோடு இறங்குகிற பெண்கள் முதலில் வருகிற கடைகளில் அதுவும் ஒன்று.

அதில் ஒரு ஆச்சியை நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடுப்பில் ஒரு பழைய ரேடியோ தொங்கும். காலையில் வரும்போது அதற்குள் ஒன்றும் இருக்காது. திரும்பிப் போகும்போது நாலு பற்றரி இருக்கும். ரேடியோவைப் போட்டுக் காட்டினால் பாடும், அது அவருடைய ரேடியோ, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அக்கரை போனதும் பற்றரியைக் கழற்றி விற்பார். இங்கே வாங்கின விலையைப்போல இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு. "தயிரில வாறது சாப்பாட்டுக்கு, ரேடியோவில வாறது பேத்தியின்ர படிப்புக்கு" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மச்சாளின் பிஸ்கட் தகரத்தைப் பார்த்த நேரம் எனக்கு அந்த ஆச்சிதான் நினைவுக்கு வந்தார்.

2002 பெப்ரவரியில் போர் நிறுத்த ஒப்பந்தம் வந்ததும் தடைகள் தளர்ந்தன. பற்றரி விலை இரண்டு கரையிலும் சமமாகிவிட்டது. ஆச்சி தயிரை மட்டும் கொண்டுவந்தார். அப்பா அதற்காகக் கவலைப்படவில்லை. கடையில் கொஞ்சம் வருமானம் குறைந்தது, ஆனால் ஆட்கள் நின்று கதைக்கத் தொடங்கினார்கள், உறவுக்காரர் கலியாணத்துக்குப் போய் வந்தார்கள். 2006இல் எல்லாம் திரும்பவும் மூடியது. மாவிலாற்றில் தொடங்கிய சண்டை, செப்டம்பர் தொடக்கத்தில் சம்பூரைப் படையினர் பிடித்தார்கள். சனம் மட்டக்களப்புப் பக்கம் ஓடி, பிறகு கிளிவெட்டி முகாமில் கன காலம் இருந்து, 2015க்குப் பிறகுதான் சம்பூருக்குத் திரும்பத் தொடங்கியது. ஆச்சியை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. இப்போது கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் மூதூர் போகலாம். 2009இல் திறந்த பாலம், 396 மீற்றர்.

மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு மோரேயைவிடத் துயரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மணிப்பூரில், பர்மா எல்லையில் இருக்கிற சின்ன ஊர். கோட்டுக்கு அந்தப் பக்கம் தமு. 1962இல் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கிய பிறகு பர்மாத் தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அங்கே வாழ வழி தெரியாத சிலர் வடகிழக்கு வழியாகத் தரையால் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் மறித்தார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக மனமில்லை. அந்த இடத்திலேயே குடியிருந்தார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், இட்டலி சுட்டார்கள், பர்மியப் பாஷை தெரிந்ததால் எல்லை வியாபாரத்தின் நடுவில் நின்றார்கள்.

1995இல் மோரே தமு எல்லை வியாபாரம் சட்டபூர்வமாகத் திறந்தது. எல்லையோடு 16 கிலோமீற்றருக்குள் இருக்கிறவர்கள் விசா இல்லாமல் போய் வர ஒரு ஏற்பாடும் இருந்தது. வாசலைத் தாண்டினால் நம்பாலோங் சந்தை, காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். கொரோனாவோடு 2020 மார்ச்சில் வாசலை மூடினார்கள். 2021இல் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரே பற்றி எரிந்தபோது மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. 2024 தொடக்கத்தில் இந்திய அரசு அந்த 16 கிலோமீற்றர் ஏற்பாட்டை நிறுத்தி வேலி போடப்போவதாக அறிவித்தது. பாதுகாப்புக்குக் காரணங்கள் சொல்வார்கள், அதில் சில நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு நாடும் கைவிட்ட இடத்தில் ஒரு சந்தையைக் கட்டி எழுப்பிய சனத்துக்கு அந்த வாசலைத் தவிர வேறு வயல் இல்லை.

ஒழுங்காக நடத்துகிற எல்லையும் உண்டு என்பதற்குச் சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் பாருவையும் சொல்லலாம். நடுவில் ஒரு கிலோமீற்றர் சொச்சம் நீளமான பாலவீதி, 1924இல் திறந்தது. தினம் லட்சக்கணக்கானோர் போய் வருகிறார்கள், அதில் ஜொகூரில் வீடு வைத்துச் சிங்கப்பூரில் உழைக்கிற தமிழர் ஏராளம். மலேசியாவில் பெற்றோல் மலிவு என்பதால், சிங்கப்பூர் கார் முக்கால் தாங்கி நிரப்பாமல் வெளியே போகக் கூடாது என்று சிங்கப்பூர் சட்டம் வைத்திருக்கிறது. மலேசியா தன் மானியப் பெற்றோலை வெளிநாட்டுக் காருக்கு விற்கக் கூடாது என்று வைத்திருக்கிறது. இருவரும் கட்டுப்படுத்துவது தாங்கியை. வேலைக்குப் போகிற மனிதரை மறிப்பதில்லை.

எங்களுக்கும் ஒரு சோடி ஊர் இருந்தது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது, இரண்டு பக்கமும் துறைமுகம் வரைக்கும் ரயில். நடுவில் கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போரோடு நின்றது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள், நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. கடலுக்கு மேலால் தரைவழி போடுவது பற்றி 2023இல் இரண்டு அரசாங்கமும் பேசின, அந்தப் பேச்சில் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயரும் எண்ணெய்க் குதங்களின் பெயரும் தவறாமல் வந்தது. கப்பல், குழாய், மின்கம்பி, பாலம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

நான் அந்தப் பேச்சில் தேடுவது வேறு ஒன்றை. தலைமன்னாரில் கருவாடு காயப்போடுகிற பெண் காலையில் போய் இராமேஸ்வரத்தில் விற்று, பிள்ளைக்கு இரண்டு உடுப்பு வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்ப என்ன தாள் வேண்டும்? அதற்கு அவர் கொழும்புக்குப் போய் வங்கிக் கணக்குக் காட்டி விசா எடுக்க வேண்டுமென்றால், பாலம் லொறிகளுக்கு மட்டும்தான். இரண்டு கரையிலும் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு, அதை மன்னார்க் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலும் இராமநாதபுரத்திலும் அன்றைக்கே கொடுக்கிற ஏற்பாடு, ஆளுக்கு இத்தனை கிலோ வரியில்லை என்று தமிழில் எழுதி ஒட்டின ஒரு பலகை. பாலத்துக்கு மதிப்பீடு எழுதுகிறவர்கள் இந்தச் செலவை முதல் பக்கத்தில் எழுதட்டும். பெரிய தொகை வராது.